கை பொறுக்கும் சூடு

துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை எப்படி எடுப்பது என்று என்னைக் கேட்டால், எடுக்கவே வேண்டாம், அடுப்பில் போட்டு எரித்துவிட்டுப் போய்ப் படுங்கள் என்றுதான் சொல்வேன். பதினாறு வருஷமாகச் சலவைக் கடைக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து தையல் மிஷின் மிதிக்கிறவள் வேறு என்ன சொல்ல முடியும். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கதவு கிடையாது. அங்கே அண்டா கொதித்தால் இங்கே என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். இங்கே நான் யாரையாவது திட்டினால் அங்கே சிரிப்பார்கள்.

அந்தக் கடை அக்காவுக்குத் தெரு வைத்த பேர் நுரையக்கா. முழங்கை வரை நுரை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்காரர் பெட்டிக்காரர். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கீழே வைக்க மாட்டார். வாயையும் திறக்க மாட்டார். அந்த மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவாள் என்பதால் கடையில் ஒரு குறையும் தெரியாது.

அவர்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை உண்டு. ஈரம் எல்லாம் அவளுக்கு, சூடு எல்லாம் அவருக்கு. அடுப்பு மூட்டுவது, தண்ணீர் காயவைப்பது, கரி ஊதுவது, தேய்ப்பது அவர் வேலை. ஊறப்போடுவது, கசக்குவது, அலசுவது, பிழிவது, கொடியில் போடுவது அவள் வேலை. சூட்டில் புழங்கிய கையைத் தண்ணீரில் விட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று தேய்க்கிறவர்கள் நடுவில் ஒரு பேச்சு உண்டு. அதை அவர் வேதமாக வைத்திருந்தார். சாப்பிடக் கை கழுவ வேண்டுமென்றால்கூட, பெட்டியை வைத்துவிட்டு அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குள் தட்டில் இருப்பது ஆறி அவலாகிவிடும்.

அவர்களுக்கு வேலை வருவது ஒரே இடத்திலிருந்துதான். ஆலை கேன்டீன். மூன்று ஷிப்ட், மூன்று வேளைச் சமையல், பொரிக்கிறதும் வறுக்கிறதும்தான் அங்கே சமையல். ஏப்ரன், கைத்துண்டு, சூடான பாத்திரம் பிடிக்கிற கரித்துணி என்று தினம் மூன்று மூட்டை வரும். கிழிந்தது, நாடா அறுந்தது எல்லாம் ஜன்னல் வழியாக எனக்கு வரும். மூட்டையைப் பிரித்ததும் பழைய எண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் கலந்து ஒரு வாடை அடிக்கும் பாருங்கள், அன்றைக்கு எனக்கு மதியம் ரொட்டி இறங்காது.

அந்தக் கொழுப்பு சாதாரண சோப்புக்கு மசியாது. காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கவிட்டால்தான் விடும். கொழுப்பைப் பிடுங்குகிற காஸ்டிக், கையிலிருக்கிற தோலை மட்டும் விட்டுவைக்குமா? அக்காவின் கையில் விரலுக்கு விரல் இடுக்கு வெடித்திருக்கும். உள்ளங்கை, அவித்த உருளைக்கிழங்குத் தோல்போல உரியும். ரப்பர் உறை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். உள்ளே வியர்த்து, புண்ணில் சீழ் வைத்து, நாலே நாளில் தூக்கி எறிந்தாள். ஆள் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் வந்தார்கள், அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள், அக்காவின் கையைப் பார்த்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதெல்லாம் வருஷக் கணக்காக நடந்துகொண்டிருந்ததுதான். அந்த மழைக்காலத்தில் மகள் போன் செய்த பிறகுதான் அது பிரச்சினை ஆயிற்று.

மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். வேறு ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை கப்பலில். போனைப் பிடிக்க முடியாமல் அக்காவின் இரண்டு கையிலும் களிம்பு. அதனால் நான்தான் ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து கையை நீட்டி அவள் காதில் போனை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்கும்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்குடி."

நான் அக்காவை முறைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொய் சொல்லாத. அப்பாவக் கேட்டேன், ஒண்ணும் பேசல. அவரு பேசலன்னா நல்லால்லன்னு அர்த்தம். டாக்டர் என்ன சொன்னாரு?"

"அஞ்சு வாரம் காஸ்டிக் தொடாம இருந்தா ஆறிடுமாம்."

"அப்ப தொடாம இரு. இங்க பாரும்மா, நான் சொல்றதக் கேட்டுட்டுக் கோச்சுக்காத. பச்சக் கொழந்தைக்குத் தோலு வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். சீழ் வச்ச கையால தூக்கக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது. நான் கடையில தெனம் பாக்கறேன், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா என்னால தாங்க முடியாது. கை ஆறுச்சுன்னா மூணு மாசம் உங்கிட்ட வந்து இருக்கேன். இல்லன்னா மாமியார் வீட்டுக்கே, அத்தையோட போயிடறேன். அவங்க கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

"வா. ஆறிடும்."

போனை மேஜைமேல் வைத்தேன். நான் அறுந்த நாடாவை எடுத்து வைத்துத் தைக்கத் தொடங்கினேன்.

"டைலரு," என்றாள். "அவ பொறந்து எட்டாம் நாளு நான் தொட்டியில நின்னேன். தெரியுமா உனக்கு? வேற வழியில்ல. சாயந்திரம் போயி கொழந்தையத் தூக்கினா, வீல்னு கத்தும். இந்தக் கை அதுக்கு உப்புத்தாள் மாதிரி இருந்துருக்கு. கையில துணியச் சுத்திக்கிட்டுத்தான் குளிப்பாட்டுவேன். அவ தலைய ஒரு நாளு வெறுங்கையால தொட்டதில்ல நானு. இந்தக் கொழந்தையவாவது தொடணும்டி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "அப்ப நாளைலேர்ந்து காஸ்டிக் டப்பாவத் தொட்ட, கைய ஒடச்சிடுவேன்," என்றேன்.

பவுடர்காரர் வந்தது அந்த வாரம்தான். ஒரு சின்னக் கம்பெனியின் சலவைத்தூளை, நனைந்த குடையும் பையுமாகக் கடை கடையாக விற்றுக்கொண்டு திரிகிறவர். மழைக்கு ஒதுங்கினவர் அக்காவின் கையைப் பார்த்துவிட்டார். பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல என்ஸைம் இருக்குங்க. கொழுப்பத் தின்னும்."

அக்கா ஒரு விரலால் டப்பாவைத் தள்ளி வைத்தாள். "தின்னுமா? உள்ள புழு கிழு இருக்கா?"

"புழு இல்லம்மா. அதுக்கு உசுரே இல்ல. இப்ப நீங்க முட்ட சாப்பிடறீங்க, கறி சாப்பிடறீங்க. அதுல இருக்கற கொழுப்பு வயித்துல எப்படிச் செரிக்குது? உள்ள ஒண்ணு சொரக்குது இல்ல, அது கொழுப்ப நறுக்கி நறுக்கிப் போட்டுடும். அதே சமாச்சாரம்தான் இது. கிருமிய வளத்து, அதுகிட்டேர்ந்து எடுக்கறாங்க. கொழுப்பு முழுசா இருந்தா தண்ணிக்கு அடங்காது. நறுக்கிட்டா சோப்போட சேந்து ஓடிடும்."

"எனக்கு மத்தியானம் தின்ன ரொட்டியே இன்னும் செரிக்கல. எனக்கு ஒரு ஸ்பூன் குடுங்க," என்றேன் ஜன்னலிலிருந்து.

அவர் சிரிக்கவில்லை. தொழிலில் நாள் முழுக்க நடந்தவருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும். "கையில பட்டா ஒண்ணும் செய்யாதுன்னு சொல்ல மாட்டேன். புண்ணு ஆறுற வரைக்கும் கோல் வச்சுப் பொரட்டுங்க. ஆனா காஸ்டிக்குக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒண்ணே ஒண்ணுதான். கொதிக்கிற தண்ணியில போட்டுடாதீங்க. செத்துடும்."

"இப்பத்தான் உசுரே இல்லன்னீங்க. அப்பறம் எங்கேர்ந்து சாகும்?" என்றாள் அக்கா.

பவுடர்காரர் தலையைச் சொறிந்தார். "சரி, சாகாதுன்னே வச்சுக்குங்க. வேலை செய்யாது. வெந்த முட்டையிலேர்ந்து குஞ்சு வருமா? அந்த மாதிரி."

"எவ்வளவு சூடு இருக்கலாம்?"

கேட்டது பெட்டிக்காரர். அவர் வாயைத் திறந்ததில் நானும் அக்காவும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

"கை பொறுக்கற சூடுங்க. அதான் கணக்கு. கை பொறுத்தா அதுவும் பொறுக்கும். சாயந்திரம் ஊறப்போட்டுட்டு காலையில எடுங்க. மொதத் தடவையில எல்லாம் போயிடாது, துவைக்கத் துவைக்கப் போகும்."

பெட்டிக்காரர் அதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு அக்காவிடம், "நீ தண்ணிப் பக்கமே வராத. நான் பாத்துக்கறேன்," என்றார்.

சொன்னபடி செய்தார். தினமும் சாயங்காலம் பெட்டியை வைத்துவிட்டு, அண்டாவில் காய்ந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவார். அதில் பச்சைத் தண்ணீர் கலப்பார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, இத்தனை வருஷமாகத் தண்ணீருக்குக் காட்டாத கையை விரல் மறைய விட்டுப் பார்ப்பார். எடுப்பார், இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றுவார். திரும்பவும் விட்டுப் பார்ப்பார். "கணக்கா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பவுடரைப் போட்டு, துணியை அமுக்கி, மேலே பலகையைப் போட்டு மூடுவார். அரை மணி நேரம் காத்திருக்கிற வழக்கமெல்லாம் காற்றில் போய்விட்டது.

"அண்ணே, நரம்பு இழுத்துக்கப் போகுது," என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"இழுக்கட்டும்," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பதினாறு வருஷத்தில் நான் அவருக்கு வாங்கிக் கொடுத்த முதல் டீ.

ஆனால் துணி வெளுக்கவில்லை. காலையில் பலகையை எடுத்து, அக்கா நீளக் கோலால் துணியைத் தூக்கிக் குழாயடியில் போட்டுப் புரட்டுவாள். அதற்குள் தண்ணீர் ஆறிச் சில்லிட்டுக் கிடக்கும். மேல் அழுக்கு போயிருக்கும், கறை போயிருக்கும், பிசுக்கு மட்டும் அப்படியே இருக்கும். மழையில் வெளியே காயப்போட வழியில்லை. உள்ளே கொடியில் தொங்குகிற ஏப்ரன்களிலிருந்து அதே பழைய எண்ணெய் வாடை. தேய்க்கும்போது பெட்டியின் சூட்டில் அது இன்னும் தூக்கலாகக் கிளம்பும். பெட்டிக்காரர் இருமிக்கொண்டே தேய்ப்பார்.

பவுடர்காரருக்குப் போன் போட்டார்கள். "தண்ணி கை பொறுக்கற சூடுதானே?" என்று கேட்டார். "நானே கைவிட்டுப் பாக்கறேன்," என்றார் பெட்டிக்காரர். "அப்ப பழைய கொழுப்பு, இறுகிக் கெடக்கும். இன்னும் ஒரு கை பவுடர் சேத்துப் போடுங்க." ஒரு கை சேர்த்துப் போட்டார்கள். நாலாம் நாள் இரண்டு கை. ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. அக்காவின் கை ஆறிக்கொண்டு வந்தது. விரலிடுக்கில் வெடிப்பு மூடியது. உள்ளங்கையில் புதுத் தோல் ரோஸ் நிறத்தில் மெல்லிசாகப் படர்ந்தது. தினமும் காலையில் வந்ததும் ஜன்னலில் கையை நீட்டி, "பாரு," என்பாள். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்ப்பேன். மூன்று வாரம் இப்படிப் போயிற்று.

மூன்றாம் வாரக் கடைசியில் கேன்டீன்காரர் வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை, களைத்த மனுஷர். இரண்டு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்.

"இதுல கை தொடச்சா கைதான் அழுக்காகுதும்மா. சமையக்காரங்க என்னைத் திட்டறாங்க. கரித்துணி பிசுக்குல வழுக்கி ஒருத்தன் சட்டியக் கீழ போட்டுட்டான். நல்லவேள, கால்ல விழல. பழையபடி வெளுத்துக் குடுங்க, இல்லன்னா நான் வேற கடை பாக்க வேண்டியதுதான். உங்க நிலைமை தெரிஞ்சுதான் இத்தன நாளு பொறுத்தேன்."

அவர் போன பிறகு பெட்டிக்காரர், "நான் காஸ்டிக் போடறேன். நீ தள்ளு," என்றார்.

"உங்க கையும் போயிட்டா பெட்டிய யாரு புடிக்கிறது? என் அண்ணனா வந்து புடிப்பான்?" என்றாள் அக்கா. அவளுக்கு அண்ணனே கிடையாது.

மூன்று நாள். மூன்றே நாள் அவள் காஸ்டிக் தொட்டியில் நின்றாள். தேங்கின மூட்டையெல்லாம் வெளுத்தது. நாலாம் நாள் காலையில் ஜன்னல் பக்கம் அவள் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். புதுத்தோல் இருந்த இடமெல்லாம் பச்சைப் புண். இரண்டு இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

"விடு டைலரு. அத்தையோடயே போகட்டும். நல்லாப் பாத்துக்குவாங்க," என்றாள்.

நான் பவுடர்காரனுக்குப் போன் போட்டு, என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதுவரை 'காரர்' போட்டதெல்லாம் அன்றைக்குப் போயிற்று. அந்த மனுஷர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "எத்தனையோ ஓட்டல்ல வேலை செய்யுதுங்க. இங்க மட்டும் ஏன் செய்யலன்னு எனக்கே தூக்கம் வரல. இன்னும் ஒரே ஒரு தடவை போடச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில நானே வந்து பாக்கறேன்," என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நாடா தைத்த ஏப்ரன்கள் பத்தை மடித்து எடுத்துக்கொண்டு நானே அந்தக் கடைக்குப் போனேன். பெட்டிக்காரர் தொட்டியில் தண்ணீர் கலந்து முடித்து, கையை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கணக்கா இருக்கு," என்றார். ஈரத் தரை. என் செருப்பு வழுக்கியது. கையிலிருந்த அடுக்கு சரிந்து, மேலேயிருந்த ஏப்ரன் தொட்டிக்குள் விழுந்தது. விழுந்ததை எடுக்க நான் கையை விட்டேன்.

அம்மா என்று நான் கத்தியது தெருமுனை டீக்கடைக்குக் கேட்டதாம். விரல் ஐந்தும் தீயில் வைத்ததுபோல் காந்தியது. குழாயைத் திறந்து கையைக் காட்டிக்கொண்டு குதித்தேன்.

"என்னாச்சு டைலரம்மா?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"என்ன ஆச்சா? கொதிக்குது அண்ணே தண்ணி."

"கொதிக்கலியே. கை பொறுக்கற சூடுதானே," என்று சொல்லிவிட்டு, எனக்குக் காட்டுவதற்காகத் தன் கையைத் தொட்டியில் விட்டார். விட்டு, அதிலே விழுந்த ஏப்ரனை நிதானமாகத் தேடி எடுத்து, பிழிந்து, உதறிக் காட்டினார். ஏப்ரனிலிருந்து ஆவி பறந்தது.

நான் அவர் கையைப் பார்த்தேன். இருபத்தேழு வருஷமாகப் பெட்டி காய்ந்துவிட்டதா என்று எச்சில் தொட்டு அடியில் தட்டிப் பார்த்த விரல். ஏப்ரன் ஓரத்தை மடக்கிப் பெட்டிக்கு முன்னால் அமுக்கி அமுக்கிப் பழகிய கட்டைவிரல். உள்ளங்கை முழுக்க மாட்டுக்குளம்பு மாதிரி காய்த்துக் கிடந்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. "உங்க கையெல்லாம் ஒரு கையா? கரண்டி அது. அதவச்சா மூணு வாரம் சூடு பாத்தீங்க? தெனமும் அந்தப் பவுடர வேகவச்சுக் கொன்னுட்டு அவ கையையும் சேத்துக் கொன்னுட்டீங்களே," என்றேன்.

அக்கா உள்ளேயிருந்து வந்து நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அக்கா என்னிடம் வந்தாள். என் ரவிக்கையில் நான் எப்போதும் குத்தி வைத்திருக்கிற ஊசியைப் புண் விரலாலேயே உருவினாள். பெட்டிக்காரரின் சுட்டுவிரலைப் பிடித்து நுனியில் குத்தினாள்.

"தெரியுதா?"

"என்ன?"

இன்னும் ஆழமாகக் குத்தினாள். "இப்ப?"

அவர் விரலைப் பார்த்தார். ஊசி நின்றுகொண்டிருந்தது. "பாத்தாத் தெரியுது," என்றார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"தெரியலியேம்மா. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அக்கா ஊசியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "நான் கையப் புடிச்சாத் தெரியுமா உங்களுக்கு?"

"புடிக்கறது தெரியும். சூடா ஜில்லான்னு தெரியாது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் இல்ல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் பவுடர்காரர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். "என் தப்பு. டிகிரி சொல்லிருக்கணும். நாப்பது டிகிரின்னு சொன்னா எல்லாரும் முழிக்கறாங்க, அதான் கைக்கணக்கு சொல்லிப் பழகிட்டேன். அறுபதத் தாண்டினா அது வெந்துடும்ங்க," என்றார். தெர்மாமீட்டர் அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை. அதனால் என் கைக்கு உத்தியோகம் கிடைத்தது. சாயங்காலமானால் மிஷினை மூடிவிட்டுப் போய்த் தொட்டியில் கையை விடுவேன். "இன்னும் ரெண்டு வாளி." "இன்னும் ஒண்ணு." "போதும்." பெட்டிக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவார்.

முதல் நாள் பாதிப் பிசுக்கு போயிற்று. அதே துணிகள் கேன்டீனுக்குப் போய்த் திரும்பி வந்து, இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஊறினபோது, பலகையைத் திறந்தால் தண்ணீர் பழுப்புக் கஞ்சி மாதிரி இருந்தது. காஸ்டிக்குக்கும் போகாமல் இழைக்குள் தங்கிய வருஷக்கணக்கான கொழுப்பு அதிலே கரைந்து கிடந்தது. கோலால் தூக்கின ஏப்ரனில் பிசுக்கு வாடை இல்லை. வெறும் ஈரத்துணி வாடை. அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "இவ்வளவுதானா? இதுக்கா நான் இத்தன வருஷம் வெந்தேன்?" என்றாள்.

பெட்டிக்காரர் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் இருப்பதைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஒருநாள் ஜன்னலுக்கு வந்தார். தானாக வந்து அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"டைலரம்மா, கை ஆறிடுமில்ல?"

"ஆறும் அண்ணே. அஞ்சு வாரம் புதுசா எண்ணணும்."

"பிரசவத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு."

"தலைச்சன் குழந்த, ஒரு வாரம் பத்து நாளு தள்ளிப் போகும்," என்றேன். எனக்கு என்ன தெரியும்? நான் பெற்றவளா, பார்த்தவளா? அவர் முகத்துக்காகச் சொன்னேன். அன்றைக்கு என்னைக் கேட்காமல் அவர் எனக்கு ஒரு டீ வாங்கி வைத்தார்.

குழந்தை தள்ளிப் போகவில்லை. பத்து நாள் முன்னாலேயே வந்துவிட்டது. விடிகாலையில் போன் வந்து, மழையோடு மழையாக மூன்று பேரும் பஸ் பிடித்துப் போனோம். அக்கா கேட்கவில்லை, நானாகத்தான் ஏறிக்கொண்டேன். அவள் கையில் டாக்டர் சுற்றிவிட்ட கட்டு. நாலு மணி நேரப் பயணத்தில் அவள் ஜன்னல் கம்பியைக்கூடத் தொடவில்லை, தொட்டால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் கையை நெஞ்சோடு வைத்திருந்தாள்.

பிரசவ வார்டில் எட்டுக் கட்டில். மகள் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். தொட்டிலில் பெண் குழந்தை. தலையில் கருகருவென்று முடி. அக்கா தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டாள்.

"கையக் காட்டு," என்றாள் மகள்.

அக்கா கட்டைத் தளர்த்திக் காட்டினாள். மகள் மருந்துக் கடைக்காரிதானே, ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

"இன்னும் எத்தன நாளு?"

"பதினஞ்சு நாள்ல மூடிடும்னாரு."

"நாளைக்குக் காலையில அத்த வந்துடுவாங்கம்மா. மூணு நாள்ல கூட்டிட்டுப் போறாங்க. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"போ. நீ போறதுதான் சரி. யாரு என்ன சொன்னா இப்ப."

பெட்டிக்காரர் வார்டு வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வாருங்கள் என்று மகள் கூப்பிட்டும் வரவில்லை. செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

மகள் கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தாள். பிறகு, "அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு," என்றாள்.

"எதுக்குடி?"

"உக்காருன்றேன்ல. டைலரக்கா, அந்தப் பையில வெள்ளத் துணி இருக்கு, மடியில விரிங்க. அம்மா, நீ கைய மேல தூக்கிக்க. இன்னும் மேல. காது வரைக்கும்."

அக்காவுக்குப் புரிவதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் துணியை விரித்தேன். மகள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, குழந்தையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். இரண்டு பக்கமும் தலையணையை அணைத்து வைத்தாள். குழந்தை ஒரு தடவை நெளிந்து, வாயைக் கோணி, தூங்கிப்போனது.

அக்கா இரண்டு கையையும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குனிந்து குழந்தையின் முகத்தையே பார்த்தாள்.

"மூக்கு யாரு மூக்கு அக்கா?" என்றேன்.

"இன்னும் முடிவு பண்ணல போல," என்றாள், தலையை எடுக்காமல்.

கால் மணி நேரம் ஆனது. அவள் கை நடுங்கத் தொடங்கியது.

"எறக்கிக்கம்மா. பக்கவாட்டுல தொங்கவிட்டுக்க, படாது," என்றாள் மகள்.

"வேணாம். ஒரு நொடி மறந்தாப் பட்டுடும்."

"அப்பக் கொழந்தைய எடுத்துடறேன்."

"எடுக்காத."

நான் போய்ப் பிடிக்கலாமென்று எழுந்தேன். அதற்குள் பெட்டிக்காரர் வாசலிலிருந்து வந்துவிட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்று, கட்டுக்குக் கீழே, அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தூக்கிக்கொண்டார்.

"பாரத்த எம்மேல போடு," என்றார்.

அவள் கையைத் தளர்த்தினாள். தோள் இறங்கியது. முதுகு நாற்காலியில் சாய்ந்தது. அந்த இரண்டு கையின் கனமும் அவரிடம் போயிற்று.

"கனமா இருக்கா?" என்றாள்.

"இல்ல."

"விட்டுடாதீங்க."

"விடல."

அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. அதைத் துடைத்துவிடலாமா என்று யோசித்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன். மணி அடித்தது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நர்ஸ் கட்டில் கட்டிலாக வந்து எங்களிடம் நின்றாள்.

"நேரமாச்சு, ஆம்பளைங்க வெளிய போகணும். ஐயா, உங்களத்தான்."

யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர், தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் பொறும்மா," என்றார். "இப்ப என்னால கையை எடுக்க முடியாது."

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.